மாதா பக்கத்துப் பாட்டில்

தக்கை பாதியில் உடைந்தது.

மீதியைக் கத்தி முனையால் நோண்டினார். தூள் தூளாக உள்ளே விழுந்தது. எவர்சில்வர் தூக்கின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, பாட்டிலைக் கவிழ்த்து வடிகட்டினார்.

செங்கல் கரைத்த நிறம்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

காடி. நாள்பட்டுப் புளித்த காடி.

மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு மகள் மதலேன் வருகிறாள்.

அவள் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த ஒயின் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது துலோன் துறைமுகத்தில் வாங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, பங்குச் சாமியாரிடம் கொடுத்து ஜெபித்து வாங்கி, அலமாரி மேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அவள் கல்யாணத்தன்று திறப்பதற்கு.

ஒயினைப் பற்றிய படிப்பில் சேர்ந்தபோது அவள் சொன்னாள். "படுக்க வைங்கப்பா. நிக்க வச்சா தக்கை காஞ்சிடும்."

"மாதா பக்கத்துல பாட்டிலு படுத்துக் கெடந்தா குடிகாரன் வூடும்பாங்க."

சிரித்தாள். பாட்டில் நின்றது.

கல்யாணம் நடந்தது. அவர் போகவில்லை. பையனைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி. சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த கல்லறையில் அவன் வீட்டாரை எந்தப் பக்கம் புதைப்பார்கள்?

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது வருடம். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூடக் கல்லறையிலிருந்தே திரும்பிவிட்டாள்.

போன வாரம் அவர்தான் போன் செய்தார். சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"அந்தப் பாட்டிலு அப்படியேதான் இருக்கும்மா."



"சரிப்பா. வர்றேன்."

அப்படியே இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது.

மேஜையில் இந்த வருடத்து நாசிக் சிவப்பு ஒயின் இருந்தது. வாத்துக்கறிக்கென்று வாங்கியது. திறந்தார். பாதியைப் பழைய பாட்டிலில் ஊற்றி, மாதா பக்கத்தில் திரும்ப வைத்தார்.

காடியைத் தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. தூக்கை மூடி, அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினார்.

வந்தாள். தனியாக. காதோரம் நரைத்திருந்தது.

"மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல் அவர் வாயில் வருவது அதுதான் முதல் தடவை.

"அவருக்கு வேலைப்பா."

அவளுக்கு ஒயின்தான் வேலை. ஒரு நாளைக்கு முப்பது கோப்பை முகர்ந்து, ருசித்து, துப்பி, எது எந்த உணவுக்கு என்று எழுதுவது. அவளை ஏமாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்திருந்தார்.

முதலில் வெள்ளை ஒயின். இறால் வறுவலுக்கு.

"இன்னும் கொஞ்சம் ஜில்லுன்னு இருந்திருக்கலாம். இறாலுக்கு நல்லா சேருது," என்றாள். முகம் கொஞ்சம் இளகியது.

அடுத்து வாத்து. நாசிக் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, பாதி காலி? காலையிலயே ஆரம்பிச்சாச்சா?"

"வாத்துக் கொழம்புல ஊத்துனேன்."

கறியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பாட்டிலை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

கடைசியாக ஆட்டுத்தொடை. அலமாரி மேலிருந்து அவரே பழைய பாட்டிலை எடுத்து வந்தார். அவரே ஊற்றினார்.

அவள் கோப்பையை வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்தாள்.

முதிர்ந்த ஒயின் ஓரத்தில் வெளுத்துச் செம்மண் நிறம் காட்டும். எப்போதோ அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். இது நாவற்பழ ஊதா. வாத்தோடு குடித்த கோப்பையில் ஒரு வாய் மீதம் இருந்தது. அதையும் பக்கத்தில் வைத்துச் சாய்த்தாள்.

அதே ஊதா.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகக் குடித்தாள். துப்பவில்லை.

"வயசே தெரியலப்பா."

இப்போது சொல்லிவிடலாம். பாட்டிலைப் பற்றி. கல்லறையைப் பற்றி.

"இன்னொரு துண்டு வச்சுக்கம்மா," என்றார்.

"போதும்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது.

அரிசி டின் தரையில் உரசியது.

தூக்கு மூடி திறக்கும் சத்தம்.

அவர் எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மாதா பக்கத்து வெற்றிடத்தில், பாட்டில் நின்ற அளவுக்கு, தூசி படியாத வட்டம்.

மறுபடி குழாய்ச் சத்தம்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. இருமினாள்.

"சென்னை பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா."

வாசலில் தலை குனிந்து நின்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் அப்படித்தான் நிற்பாள். கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்.

விரலை வைத்தார். நெடுக்குக் கோட்டை இழுத்தார்.

அவள் மூச்சு முகத்தில் பட்டது.

காடி.

விரல் அங்கேயே நின்றது. குறுக்குக் கோடு பாக்கி இருந்தது.

அவள் நிமிரவில்லை.

"போடுங்கப்பா," என்றாள்.