ஜல்லிமேல் நான்கு முட்டைகள்

எடமலைப்பட்டி புதூரில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. கலையரசனும் சுபஸ்ரீயும் வீடு கட்டக் கொட்டிய ஜல்லிமேல், கற்களோடு கற்களாக ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள். நிழல் சற்று விலகினாலும் அவை வெந்துவிடும். சிறகை லேசாக விரித்து நிழல் கொடுத்தபடி நிற்கிறது தாய்; அதன் அலகு மூடவேயில்லை. ஆண் பறவை குழாயடிச் சேற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, அந்த ஈரத்தோடு முட்டைகள்மேல் அமர்கிறது. மேஸ்திரி மருதை சைக்கிளை நிறுத்துகிறார். "கடக்கால் எப்பதாங்க தோண்டுறது?" கலையரசன் பதில் தேடுவதற்குள் சுபஸ்ரீ சொல்கிறாள்: "வீட்டுல ஒருத்தி மாசமா இருக்கறப்ப கடக்கால் தோண்ட மாட்டாங்கல்லண்ணே." ஏழு வருடமாக இரண்டு குடும்பமும் காத்திருக்கும் செய்தி. மருதையின் முகம் மலர்கிறது. "அப்படிச் சொல்லு தங்கச்சி. எத்தனாவது மாசம்?" அவள் ஜல்லியைக் காட்டுகிறாள். "நான் இல்லண்ணே. அது." அவர் பறவைகளைப் பார்க்கிறார், பிறகு அவளை. "சரி, பொரிச்சதும் சொல்லியனுப்பு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கலையரசன் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறான். "அவரு மாசம் கேட்டப்ப, ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன் சுபா." சுபஸ்ரீ பறவையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் சொல்றப்பவே நம்பிட்டேங்க."