ஓதி ஊதிய அரிசி

ஏழாயிரத்து இருநூறு ரூபாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் சபூரா திருடிவிட்டாள் என்று சொல்லி, இரண்டு பருவம் அவள் கூலியில் பிடித்துக்கொண்ட பணம்.

இன்றைக்கும் காணாமல் போனது அதே தொகைதான். கூலியாட்களின் மேஸ்திரியான அதே மோத்தாலெப் சர்தாரின் தகரப் பெட்டியிலிருந்து.

இச்சாமதி ஆற்றங்கரைச் சூளையில் செங்கல் சுமக்கிற முப்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசல் இமாம் ஹுஜூர் ஓதி ஊதிய அரிசி தட்டில் வந்தது. மென்று துப்ப வேண்டும். நனைந்து வந்தால் நல்லவர். உலர்ந்து மாவாய் வந்தால் திருடர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வரிசையில் சபூராவுக்கு மாவாய் வந்தது. கூடவே ஈறிலிருந்து ரத்தம்.

குடிசையில் மகள் காய்ச்சலில் கிடந்தாள். பிழைப்பாளா என்று தெரியாது. அதை யார் கேட்டார்கள்?

சர்தார் அன்றைக்கு மெல்லவில்லை. அரிசி கொடுக்கிறவன் மெல்வதில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு வாய் ஊறவேயில்லை. சோறு தொண்டையில் அடைத்தது. கடைவாய்ப் பற்கள் நான்கு சொத்தையாகி விழுந்தன. மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், திருடி வீட்டுச் சம்பந்தம் வேண்டாமென்று இரண்டு முறை பாதி வழியில் திரும்பினார்கள்.

பசிர்ஹாட் ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மாதான் சொன்னாள்: "மனசுல பயமும் கவலையும் ஏறிட்டா எச்சில் ஊறாதுக்கா. எச்சில் இல்லேன்னா பல்லும் நிக்காது. திருட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதைச் சபூரா யாரிடமும் சொல்லவில்லை. தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

"என்ன சபூரா, இந்தத் தடவையாவது வாய் ஊறுமா?" என்றான் சர்தார். வரிசை சிரித்தது.

"ஊறும் சர்தார். பெட்டி உங்க கட்டிலுக்கடியிலதானே இருந்துச்சு? நீங்களும் நாலு அரிசி மெல்லுங்களேன்."

சிரிப்பு நின்றது. நாற்காலியிலிருந்த சூளை முதலாளி மெதுவாகத் திரும்பினார்.

"அவ சொல்றது சரிதான். மொதல்ல நீ மெல்லு."

சர்தார் மென்றான். முதலாளியின் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். தாடை அசைந்தது, நெற்றி வேர்த்தது, வாய் மட்டும் நனையவில்லை. துப்பினான். காற்றில் மாவு பறந்தது.

"யம்மாடி, சுண்ணாம்பு மாதிரியில்ல வருது!" என்றது வரிசையில் ஒரு குரல்.

முதலாளி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். "இவன் கூலியில பிடிச்சுக்கோ. அடுத்த பருவத்துக்கு வேற சர்தாரப் பாரு."

தட்டு சபூராவிடம் வந்தது. மிச்சமிருந்த பற்களால் நிதானமாக மென்றாள். புளியங்காயைக் கண்டதுபோல் காலையிலிருந்தே அவள் வாய் ஊறிக்கொண்டிருந்தது. துப்பியது பாலாய் நனைந்து, சர்தாரின் மாவுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

எழுந்து, சேலை மடிப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள். உள்ளே நோட்டுகள் கசங்கின.

ஏழாயிரத்து இருநூறு. பெட்டியில் அதற்கு மேலும் இருந்தது. அதை அவள் தொடவில்லை.