அளவு தெரிந்தவள்

தையற்கடையின் புதுக் கணினி, மாலை வெயில் விழும் வெட்டுமேசைமேல் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது. இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்ற விவரம் எங்கள் நிறுவனத்துக்கு வரலாமா? தையற்காரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்றுவிடாமல் ‘வேண்டாம்’ என்பதையே அழுத்துகிறாள். ஒவ்வொரு முறையும், பொத்தான் தைத்து நூலைக் கடிப்பவளைப்போல அவள் தாடை இறுகுகிறது. “எல்லாத்துக்கும் வேண்டாம்னா அது கோவிச்சுக்கப் போகுது,” என்று பக்கத்தில் இருக்கும் தங்கை சிரிக்கிறாள். “கோவிச்சுக்கட்டும்.” “திரைக்கு மேல இருக்கற கேமராவுக்கு ஒரு டேப் போட்டா முடிஞ்சுதுக்கா.” அக்கா கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, அந்தக் கறுப்புப் புள்ளிமேல் நீட்டிப் பிடிக்கிறாள். “இத்துனூண்டுக்கு எதுக்குடி அளவு?” தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐயோ, ஒட்டுற டேப்புக்கா!” “தையக்கடையில எதைடி ஒட்டுவோம்? தைப்போம்.” எடுத்த அளவு வீணாகவில்லை. கத்தரி கிறீச்சிடுகிறது, தையல் எந்திரம் கடகடக்கிறது; ஓரம் மடித்துத் தைத்த விரலகல நீலத்துணியுறை கேமராவின்மேல் தொப்பிபோல் கச்சிதமாக உட்காருகிறது. திரையில் ‘தயார்’ என்று எழுத்து மின்னுகிறது. அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள். “ஒருத்தி இடுப்பு அளவை இன்னொருத்திகிட்ட நான் சொன்னதே கிடையாது. இனிமே இதுவும் சொல்லாது.”