பலகைக் கதவு

மூங்கில் சட்டங்களில் வெள்ளை வெளேரென்று தொங்கிய சேமியா மொத்தமும் மண்ணாய்ப் போனது.

மணலை வாரியடித்தபடி கரையேறிய ராணுவ ஹோவர்கிராஃப்ட், காற்றடைத்த தன் ரப்பர் பாவாடையைத் தளர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தது. பின்னாலேயே வந்த தரையிறங்கு படகுகள் வாயைத் திறந்து பட்டாளத்துப் பிள்ளைகளைக் கொட்டின.

அதைக் காயப்போட்டிருந்த ரூய்லான் ஒரு கொத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். நறநறவென்றது. துப்பினாள்.

விழுந்து கிடந்த சட்டத்திலிருந்து ஒரு மூங்கிலை உருவிக்கொண்டு, பலகைச் சுவரைச் சுற்றி நேரே ஹோவர்கிராஃப்டை நோக்கி நடந்தாள். துப்பாக்கி பிடித்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“எவன்டா இதை ஓட்டினது? பயிற்சி நாளைக்குன்னு மைக்குல தொண்டை கிழியக் கத்தினீங்களே! உங்க ஊர்ல இன்னைக்குத்தான் நாளைக்கா?”

சார்ஜென்ட் பான் காதுக்கவசத்தைக் கழற்றியபடி ஓடி வந்தான்.

“கோவப்படாதீங்கக்கா. காத்து மாறுதுன்னு இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. கடையில நல்ல சேமியாவா வாங்கித் தந்துடறோம்.”

“தாய்வீட்டுச் சீரைக் கடையில வாங்கி அனுப்புவாங்களாடா?”

நியாயமான கேள்விதான். அந்தக் கரையில் மகள் பிள்ளை பெற்றால், தாய் தன் கையாலேயே மாவை இழுத்துச் சேமியா செய்து அனுப்ப வேண்டும். நடுவில் இழை அறுந்தால் பிள்ளையின் ஆயுசுக்கு ஆகாது.

ரூய்லான் விடியுமுன் மாவு பிசைந்தவள். அறுபடாமல் இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் விட்டுப்போயிருந்தன. மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. நாளைப் படகை விட்டால் சீர் நேரத்துக்குப் போய்ச் சேராது.

பட்டாளம் நட்ட பலகைச் சுவர் காற்றை மறைக்கிறதே என்றுதான் அதன் பின்னால் காயப்போட்டாள். இத்தனை வருஷத்தில் பட்டாளத்தால் அவளுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அந்தச் சுவர். அதுவும் பொறுக்கவில்லை இவர்களுக்கு.

“இவ்வளவு நீளக் கடற்கரை கிடக்கு. கரையேற என் சேமியா மேலதான் இடம் கிடைச்சுதா?”

“மத்த இடம் சரிப்படாதுக்கா.” பான் வெகுளி. பெருமையாகச் சுவரைக் காட்டினான். “எதிர்க்கரையில ஒரு ஊர். அதை அப்படியே அச்சா செஞ்சு வெச்சிருக்கோம். பாருங்க, இடப்பக்கம் கடலம்மன் கோயில். பக்கத்துல கல்படி. படி முடியிற இடத்துல அந்த வீடு. மொதல்ல இறங்குறவன் அந்தக் கதவைத்தான் உடைக்கணும்.”

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதாகத் தோன்றி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரூய்லான் திரும்பினாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் அந்தச் சுவரின் முதுகை. ஆணியும் வெறும் பலகையும்தான் அங்கே. கடலைப் பார்த்த பக்கம் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

கோயில். படிகள். நீலக் கதவு.

மகள் கல்யாணத்தன்று புதுச் செருப்பு கடிக்க, எதிர்க்கரையில் அந்தப் படிகளில் ஏறியவள் அவள். “கதவுக்குப் போய் யாராவது நீல பெயிண்ட் அடிப்பாங்களா?” என்று சம்பந்தியம்மாளைக் கேலி செய்ததும் அங்கே வைத்துத்தான்.

ஆத்திரம் போகவில்லை. ஆனாலும் அவள் மெல்லப் போய், கையிலிருந்த மூங்கிலை அந்தப் பலகைக் கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் மாதிரி சாத்தினாள்.

“இதைத் தட்டக்கூடத் தட்டாதீங்கடா. உள்ளே பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா.”

பான் ஒன்றும் புரியாமல் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கவிழ்ந்த சட்டங்களும், மணல் அப்பிய சேமியாவும்தான் அங்கே கிடந்தன.