கீழ்ப்பாதி

“அம்மா, இந்தத் தொட்டியில கீழ்ப்பாதி சூடாகவே இல்லையே” என்றார் மெக்கானிக்.

குளியலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில் அவர் குந்தியிருந்தார். வெளிச்சுவரில் ஹீட் பம்ப் பெட்டியை மாட்டியாயிற்று. காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம். பழைய வெந்நீர்த் தொட்டி கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அடிமூடியைக் கழற்றினார். அப்போதுதான் இந்தப் பேச்சு.

உள்ளே சூடாக்கும் கம்பிகள் இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே போகும் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, ஓரமாகச் செருகியிருந்தது. டேப் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

“பத்து வருஷமாவது இருக்கும். இத்தனை நாளா பாதித் தொட்டி வெந்நீர்தான் உங்களுக்கு.”

பக்கத்தில் நின்ற இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பத்து வருடத்துக்கு முன்னால் நாத்தனார் இந்த வீட்டில்தான் இருந்தாள். வேலைக்காக வந்து தங்கியவள். காலை ஷிப்டு என்பதால் முதலில் அவள் குளிப்பாள், அடுத்து கணவர், கடைசியில் இவள். இவள் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர்தான் வரும்.

பொறுத்துப் பார்த்தாள் என்று சொன்னால் பொய். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை இவளே ஒப்புக்கொள்வாள். கதவைத் தட்டினாள். ஜாடை பேசினாள். கடைசியில் ஒரு காலையில், ஈரத்தலையோடு நின்றவளைப் பார்த்து, இத்தனை தண்ணியை ஊத்தியும் உன் உடம்புல சுரணை வரலையே என்று கேட்டேவிட்டாள்.

கணவர் நாளிதழை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவர் எப்போதுமே பிள்ளைப்பூச்சி.

நாத்தனாரும் பதில் பேசவில்லை. அந்த வாரமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பிறகு கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. இந்த வாசற்படியை அவள் மிதிக்கவே இல்லை.

அன்றைக்குத் தொட்டியை மாட்டினானே ஒரு கடன்காரன், அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்தபோது வெட்கமாக இருந்தது. வயர் அவன் விட்டது. வாய் இவளுடையது அல்லவா?

நாத்தனாரின் நம்பர் எப்போதும் போனில் இருந்தது. கூப்பிட்டதுதான் இல்லை.

மெக்கானிக் குழாயை முடுக்கும் சத்தத்துக்கு நடுவே அழைத்தாள். எடுத்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். தொட்டி, வயர், பாதி வெந்நீர், யாரோ மாட்டினவன் செய்த வேலை, உன்மேல் ஒரு தப்பும் இல்லையம்மா, நான்தான் பாவி.



“தெரியும் அண்ணி. கரண்டு பில் ஏறுதுன்னு அண்ணன்தான் கழட்டினார். டார்ச் பிடிச்சது நான்.”

 அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் இவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

நாத்தனார் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “சொல்லியிருந்தா அவரை நிம்மதியா இருக்க விட்டிருப்பீங்களா? நான் எப்படியும் ஒருநாள் போறவதானே.”