திருப்பூர்ப் பாடம்

திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து என்ன படிக்க வேண்டும் என்பதை அங்குள்ள பனியன் கம்பெனிகளே முடிவு செய்தன. தையல், சாயம், இயந்திரப் பராமரிப்பு. படித்து முடித்த மறுநாளே வேலை. இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதுதான் கம்பெனி அதிகாரி பூபதியின் பொறுப்பு. பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்று பள்ளிக் கூட்டத்தில் தங்கமணி எழுந்தாள். அதே கம்பெனியில் பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறவள்.

“சார், எம்புள்ள நிவேதிகா எந்நேரமும் உடம்பைப் பத்தியே கேக்கறாளுங்க. இதயம் ஏன் துடிக்குது, ரத்தம் எங்க போகுதுன்னு. வேலூர்ல ஆஸ்பத்திரிக்காரங்க அந்தப் பாடம் வெச்சிருக்காங்களாமா. எங்கக்கா வீடு அங்கதானுங்க. அனுப்பட்டுங்களா?”

“பெத்த புள்ளயப் பிரிஞ்சு இருப்பீங்களாம்மா? இங்க வேலை கைமேல இருக்குதுங்க” என்றார் பூபதி.

“உங்க பாப்பாவும் இங்கதான் படிக்குதுங்களா?”

அவர் மகள் மிருதுளா போன வருஷத்திலிருந்து வேலூரில் மைத்துனி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்த்த கதையை நேற்றுதான் போனில் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“இங்கதானுங்க” என்றார்.

தங்கமணியின் முகம் தெளிந்தது. “அப்பச் சரிங்க. நீங்க பெத்த புள்ளைக்குக் கெடுதலா செய்வீங்க? எம்புள்ளையும் இங்கயே படிக்கட்டும்.”

கூட்டம் கலைந்ததும், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிவேதிகா அவரிடம் ஓடிவந்தாள். “சார், பாப்பா எந்த வகுப்புங்க? எம்பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்.”

பூபதி செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். செருப்பு காலில்தான் இருந்தது.