பதினோராம் ஆண்டுக் கோப்பு

"உங்க மகன் காணாமப் போய்ப் பதினோரு வருஷம் ஆகுதும்மா. இந்தக் கோப்பை முடிச்சிடலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

வாசற்படியிலேயே நின்றபடி சொன்னாள் அந்தக் காவலர்ப் பெண். மார்போடு அணைத்திருந்த கோப்பு பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருந்தது. சீருடையில் மிடுக்கு இருந்தது, குரலில் இல்லை.

தையற்காரம்மாவின் கால் இயந்திரத்தின் மிதியில் நின்றது. பதினோராண்டாக, தாழ்ப்பாள் அசையும் ஒலி கேட்டாலே அந்தக் கால் நின்றுவிடும். காற்றென்று தெரிந்தபின் மீண்டும் ஓடத் தொடங்கும். இன்று நின்றது நின்றதுதான். வந்தவளை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தாள்.

"உள்ள வந்து உட்காரும்மா. வெயில்ல வந்திருக்கே."

"இல்ல, இங்கேயே நிக்கறேன்..."

"உட்காருன்னா உட்காரு. நின்னுக்கிட்டுக் கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லை."

நாற்காலியின் நுனியில் அமர்ந்து தாளைப் பிரித்தாள் வந்தவள். "இத்தனை வருஷத்துல அவர்கிட்டேருந்து லெட்டர், போன் ஏதாவது?"

"ஒண்ணுமில்லை. ஆமா, இந்தச் சட்டையை யாரு தைச்சா? உனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். அதைக்கூடக் கவனிக்காம வெட்டியிருக்கான் பாரு, அவனெல்லாம் ஒரு டெய்லர்!"

"அம்மா, நான் உங்க மகனைப் பத்திக் கேக்கறேன்."

"கேளேன், யாரு வேண்டாம்னா? வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு? ஸ்டேஷன்ல மரியாதையா நடத்தறாங்களா?"

"மூணு வருஷம். நடத்தறாங்க." பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். "அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு?"

தையற்காரம்மாவின் விரல்கள் மடியிலிருந்த துணியில் இல்லாத சுருக்கத்தை நீவின.

"பிள்ளை மனசுல இருந்ததைச் சொல்லுச்சு. அவங்கப்பாவால அதைக் காது கொடுத்துக் கேக்க முடியலை. கை நீட்டிட்டாரு. நான் இதோ, இந்த மிஷின் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன். விடிஞ்சு பார்த்தா படுக்கை காலி."

"இப்ப... அவரு எங்கே?"

"போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. கடைசி நாள்ல அந்தக் கையைத்தான் பார்த்துப் பார்த்து அழுதாரு."

தாளில் ஊன்றிய பேனா அசையவில்லை. அந்த இடத்தில் மை வட்டமாகப் பரவியது.

பிறகு, கோப்பிலிருந்த புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். மீசை அரும்பிய பதினெட்டு வயது முகம்.

"இந்தப் படத்துல இருக்கற மாதிரியே ஒருநாள் திரும்பி வருவான்னு நம்பறீங்களா?"

"இல்லைம்மா."

வந்தவளின் தலை தாழ்ந்தது. "அப்ப... முடிச்சிடலாமா?"

"முடிச்சிடு. அன்னிக்குப் பேசாம நின்ன பாவத்தைக் கழுவ ஒரு வழி காட்டுன்னு விளக்கேத்தறப்பல்லாம் கடவுளைக் கேட்டாச்சு. இனிமே கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

வந்தவள் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். "காரணத்தை உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடணும்."

தையற்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நூல் பிரிந்துவிடாமல் விளிம்பு தைப்பவளைப் போல ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினாள், கையெழுத்திட்டாள், தாளை எதிரே இருந்தவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதில் இப்படி இருந்தது: "காணாமற்போனது என் மகன் அல்ல, என் மகள். இன்று காலை, தானாகவே வீடு திரும்பினாள்."